பாட்டுக்கு முன்னால வர்ற சத்தம்

எங்க ஊர்ப் பக்கத்து கார் எலெக்ட்ரீஷியன்களுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்குது. நான் வேலையை விட்டாலும் என்னை அதுல இருந்து எடுக்கல. எடுத்தா அப்பால யார்கிட்ட சந்தேகம் கேப்பானுங்க? போன வாரம் ஒருத்தன் பழைய கார் ஸ்டீரியோ ஒண்ணைப் போட்டோ பிடிச்சுப் போட்டு, "இதுல யூஎஸ்பி இல்ல. ஸ்டீரியோவை மாத்தவும் வேணாம்ன்றாரு கஸ்டமர். இன்னா பண்றது?"ன்னு கேட்டிருந்தான். கீழ வந்ததெல்லாம் ஒரே பதில்தான். கழட்டித் தூரப் போடு, பெரிய ஸ்கிரீனா மாட்டு. ஒருத்தன் இன்னும் ஒரு படி மேல போயி, "வேணாம்னா வேற கடைக்குப் போவச் சொல்லு"ன்னு எழுதிட்டான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! ஒரு மனுஷன் வேணாம்னு சொல்றாருன்னா, ஏன் வேணாம்னு கேக்கணும்னு ஒரு பயலுக்குக் கூடத் தோணல. குரூப்புல நாலு வரியில சொல்ற விஷயம் இல்ல இது. அதான் உக்காந்து எழுதறேன்.

என் பேரு ஏழுமலை. வூடு கருணாபுரம். கள்ளக்குறிச்சி சேலம் ரோட்டுல ஒரு கார் எலெக்ட்ரிக்கல் கடையில தலை நரைக்கற வரைக்கும் வேலை பாத்தவன். தொழில் கத்துக்கினது லாரி பட்டறையில. அதைப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. திட்டு வாங்கினேன், கையைச் சுட்டுக்கினேன், ஒரு லாரியோட ஒயரிங் மொத்தத்தையும் ஒரு தடவை புகைய வச்சேன். எங்க ஆளுங்க எல்லாரும் கத்துக்கினது அப்படித்தான். கல்யாணம் ஆன அப்பால கார் பக்கம் வந்தேன். லாரிக்கு லைட் எரிஞ்சாப் போதும், ஹாரன் அடிச்சாப் போதும். காரு அப்படி இல்ல, சொகுசு கேக்கும்.

கடைக்கு முதலாளி சரோஜாம்மா. அவங்க வீட்டுக்காரர் ஆரம்பிச்ச கடை அது. அவர் போனதும் கடையை வித்துடுவாங்கன்னுதான் ஊரே பேசிச்சு. காரியம் முடிஞ்சு வந்து அவர் நாற்காலியில உக்காந்தாங்க, அவ்ளோதான், நான் வேலையை விடற வரைக்கும் அந்த நாற்காலி காலியா இருந்து நான் பாத்ததில்ல. அவங்களுக்கு சால்டரிங் ராடு பிடிக்கத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கவும் மாட்டாங்க. ஆனா வேலை முடிஞ்ச கார் எதுவும் அவங்க உள்ள உக்காந்து பாக்காம வெளிய போவாது.

பாக்கறதுன்னா, நாம செஞ்ச வேலையைப் பாக்கறது இல்ல. அங்கதான் வயித்தெரிச்சல். நான் ஸ்பீக்கர் மாட்டியிருப்பேன், அவங்க வைப்பரைப் போட்டுப் பாப்பாங்க. நான் ஸ்டீரியோ மாட்டியிருப்பேன், அவங்க கண்ணாடியை ஏத்தி இறக்குவாங்க, உள் லைட்டைப் போடுவாங்க, டேஷ்போர்டு கடிகாரத்தைப் பாப்பாங்க. "ஏழுமலை, இந்தக் கடிகாரம் இன்னா பன்னெண்டு காட்டுது? வண்டி வரும்போதும் பன்னெண்டா காட்டிச்சு?" சத்தம் போட மாட்டாங்க. கண்ணாடியைக் கழட்டி முந்தானையில துடைச்சிக்கினு, என் மூஞ்சியைப் பாக்காமலே கேப்பாங்க. திட்டினாக்கூடப் பரவால்லன்னு இருக்கும்.

சீட்டைப் பின்னால தள்ளி வேலை செஞ்சா, வந்த எடத்துக்கே திருப்பி வைக்கணும். ரேடியோவுல எந்த ஸ்டேஷன் எந்த பட்டன்ல இருந்துச்சோ அதே பட்டன்ல இருக்கணும். "வந்தது வந்த மாதிரி போவணும். நீ சேத்தது மட்டும் ஜாஸ்தியா இருக்கலாம். எதுவும் கம்மியாவக் கூடாது." இது அவங்க சட்டம். ஆரம்பத்துல எனக்கு அவங்களைப் பாத்தாலே எரியும். ஸ்டீரியோ மாட்டற எடத்துல கடிகாரத்தைப் பத்தி இன்னா பேச்சு? அப்பால போகப் போக, அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே என் கை கடிகாரத்தைத் திருப்ப ஆரம்பிச்சிடுச்சு.

இப்ப யூஎஸ்பிக்கு வர்றேன். சட்டைப் பையில பென்டிரைவைப் போட்டுக்கினு ஜனங்க வர ஆரம்பிச்ச காலம். கையில பாட்டு கொட்டிக் கெடக்குது, கார்ல போட வழி இல்ல. பழைய கார்ல கம்பெனியிலயே வச்சு வந்த ஸ்டீரியோ, கேசட்டும் ரேடியோவும் சிடியும்தான் பாடும். சிகரெட் லைட்டர் துளையில ஒரு குமிழைச் சொருகி, ரேடியோ வழியா பாட வைக்கிறது ஒரு வழி. சல்லிசு. ஆனா டவுனுக்குள்ள வந்தா நம்ம பாட்டுக்கு நடுவுல எவனோ ஒருத்தன் நகைக்கடை விளம்பரம் பேசுவான். அதை நான் யாருக்கும் சிபாரிசு பண்ணது கெடையாது.

நல்ல வழி ஒண்ணு இருந்துச்சு. அந்த மாதிரி கார்ங்கள்ல பாதிக்கு டிக்கியில ஒரு பெட்டி இருக்கும். சிடி சேஞ்சர். நிறைய சிடியை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சிருக்கும். முன்னால பட்டன் அழுத்தினா பின்னால தானா சிடியை எடுத்துப் பாடும். சேஞ்சர் இல்லாத கார்லயும் அதுக்கான சாக்கெட்டு ஸ்டீரியோ முதுகுல இருக்கும். சிகரெட் பாக்கெட் அளவுல ஒரு அடாப்டர் வந்துச்சு. அதை அந்த சாக்கெட்டுல சொருகிட்டா, ஸ்டீரியோ அதையே சேஞ்சர்னு நம்பிடும். பென்டிரைவுல ஒரு போல்டரை முதல் சிடின்னு நினைச்சுக்கும், அடுத்த போல்டரை ரெண்டாவது சிடின்னு நினைச்சுக்கும். டேஷ்போர்டுல ஒரு கீறல் விழாது. வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே மாறாத மாதிரி இருக்கும். சரோஜாம்மாவுக்குன்னே எவனோ கண்டுபிடிச்ச மாதிரி ஒரு சாமான்.

வேலை சின்னதுதான். ஆனா அவசரப்பட்டா போச்சு. ஸ்டீரியோவோட ரெண்டு பக்கமும் சன்னமா துளை இருக்கும். ரம்பத் தகட்டைத் தேச்சு நானே செஞ்சு வச்ச ரெண்டு சாவியை அதுல விட்டு, டிக்குனு பிடிக்கற வரைக்கும் தள்ளணும். அந்தச் சத்தம் கேட்டா மட்டும் இழுக்கணும். கேக்கலன்னா இழுக்கக் கூடாது. கியர் மேல பழைய லுங்கியை விரிச்சு, வெளிய வந்த ஸ்டீரியோவை அது மேல படுக்க வைக்கணும். ஏரியல் ஒயர் குட்டையா இருக்கும், அதை முதல்ல கழட்டணும். அடாப்டரை சும்மா உள்ள தள்ளி வச்சா மேடு பள்ளத்துல கடகடன்னு ஆடும். துணி டேப் சுத்தி, ஏசி காத்து போற குழாய்க்கு எட்டமா கட்டணும். பென்டிரைவ் சொருகற ஒயரை டேஷ்போர்டு பெட்டிக்குள்ள இழுத்து விடணும். எல்லாம் முடிஞ்ச அப்பால இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை மிதிக்கணும். மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல கொசு கத்தற மாதிரி சத்தம் ஏறுச்சுன்னா எர்த் சரியில்லன்னு அர்த்தம். என் வேலையில கொசு கத்தினதே கெடையாது. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு போடறவர் ஒருத்தருக்கு இப்படி மாட்டிக் கொடுத்தேன். மறுநாளே வந்து நின்னார். "நீ மாட்டுன டப்பா என் ஸ்டீரியோவையே கொன்னுடுச்சுய்யா!" பாத்தா ஸ்டீரியோ பூட்டிக்கினு, தெறக்கறதுக்கு ரகசிய கோடு நம்பர் கேக்குது. பேட்டரி கரண்ட் விட்டுப்போனா, எவனோ திருடிக்கினு போறான்னு அது நினைச்சுக்கும். நல்லவேளை, கோடு நம்பர் அவர்கிட்ட இருந்துச்சு. போட்டுத் தெறந்து அனுப்பினேன். அடுத்த நாள் திரும்ப வந்தார். திரும்பவும் பூட்டு. நான் எல்லா ஒயரையும் தடவிப் பாத்துட்டேன், ஒண்ணும் புரியல. சரோஜாம்மா நாற்காலியில இருந்தே கேட்டாங்க: "ஏங்க, சாயந்திரம் வூட்டுக்குப் போனா வண்டியை எப்படி நிறுத்துவீங்க?"

"இது இன்னாம்மா கேள்வி? பேட்டரி டெர்மினலைக் கழட்டி வச்சிட்டுத்தான் உள்ள போவேன். டிராக்டரை அப்படித்தானே நிறுத்தறோம்?"

நான் வாய் விட்டுச் சிரிச்சிட்டேன். வாங்கின நாள்ல இருந்து காரையும் அப்படித்தான் நிறுத்தினாராம். பாட்டு கேக்கற பழக்கம் இல்லாததால ஸ்டீரியோ பூட்டிக்கினு இருந்ததே அவருக்குத் தெரியல. அடாப்டர் மாட்ட வண்டி கடைக்கு வந்தப்போ பூட்டைத் தெறந்தது, பாட்டு கேக்க ஆசைப்பட்ட அவர் மகன். சரோஜாம்மா சிரிக்கல. அவர் போன அப்பால என்கிட்ட சொன்னாங்க: "காரைக் கேட்டா பாதிதான் சொல்லும். மீதியை அதுல போறவங்களைத்தான் கேக்கணும்." நான் தலையாட்டினேன். அப்ப எனக்கு அது பெருசாத் தெரியல.

அதுக்கு அப்பால ஒரு நாள் கோவிந்தன் வந்தார். கல்வராயன் மலை, வெள்ளிமலைக்கு உள்ள தள்ளி ஒரு ஊர். சாமையும் மரவள்ளியும் போடறவர். முன்ன கீழ டவுன்ல ஒரு டாக்டரம்மாவுக்கு டிரைவரா இருந்தாராம். அந்தம்மா வெளிநாட்டுக்கு மகன்கிட்ட போறப்போ, இத்தனை வருஷம் ஓட்டினவராச்சேன்னு காரை அவருக்கே கொடுத்துட்டாங்க. பழசுதான், ஆனா துடைச்சு வச்ச பாத்திரம் மாதிரி வச்சிருந்தார். டிக்கியில சேஞ்சர் இருந்துச்சு. அதுதான் தகராறு. சிடியைப் படிக்கற லென்ஸ் போயிடுச்சு. சுத்துது, தேடுது, பாட மாட்டேங்குது.

"புது ஸ்டீரியோ போட்டுக்கலாமேங்க"ன்னு நான்தான் முதல்ல சொன்னேன்.

"வேணாம்ணே. இதை மாத்தக் கூடாது. என் பொண்ணு ஏற மாட்டா."

ஏன்னு கேட்டேன். சரோஜாம்மா கூட இருந்து இருந்து எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சு. அவர் ஸ்டீரியோ மேல கையை வச்சுக்கினே சொன்னார். பொண்ணு பேரு பவித்ரா. பெரிய பொண்ணாகப் போற வயசு. பேச்சு வரல. காது நல்லா கேக்கும். ஒரு பொருள் இருந்த எடம் மாறினாக்கூடத் தாங்க மாட்டா. கள்ளக்குறிச்சியில இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குன்னு ஒரு பகல் பள்ளிக்கூடம் இருக்குது, அங்க சேத்திருக்காங்க. "முன்னல்லாம் தண்ணி வேணும்னாலும் அழுவாண்ணே, வயிறு வலிச்சாலும் அழுவா. எது எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாது. அங்க போவ ஆரம்பிச்ச அப்பால, தண்ணி வேணும்னா டம்ளரைக் காட்டறா. தானா எடுத்து சாப்பிடறா."

"நல்லதுங்களே."

"பஸ்ஸுல ஏத்தினா கத்தறா. கண்டக்டர் நல்லவர்தான். ஆனா வண்டி பூரா ஜனம் முறைச்சா அவர் இன்னா பண்ணுவாரு? இந்தக் காரு ஒண்ணுலதான் ஏறுவா. ஏறி உக்காந்து, இந்த பட்டனை அவளே அமுக்குவா. எப்பவும் ஒரே பாட்டு. அது பாடுச்சுன்னா கீழ இறங்கற வரைக்கும் ஒரு சத்தம் இல்ல. இது பாடாம போனதுல இருந்து காருலயும் ஏறல. பள்ளிக்கூடத்துல நல்ல மாதிரியாத்தான் சொன்னாங்க, இன்னும் வராம இருந்தா எடத்தை வேற புள்ளைக்குத் தர வேண்டி வரும்னு. நேத்து டம்ளர் பக்கத்துலயே இருக்குது, அவ பாட்டுக்கு அழுதுக்கினு நிக்கறா. கத்துக்கினதை மறக்கறாண்ணே."

எனக்கும் ரெண்டு பொண்ணுங்க. நான் ஸ்டீரியோ கழட்டற சாவியை எடுத்தேன்.

அந்த அடாப்டர் வேலையை நான் அன்னிக்குச் செஞ்ச மாதிரி என்னிக்கும் செஞ்சதில்ல. டிக்கியில இருந்த சேஞ்சரைக் கழட்டல. கழட்டினா துளை தெரியும். அதோட ஒயரை மட்டும் ஸ்டீரியோ முதுகுல இருந்து பிடுங்கி டேப் சுத்தி வச்சேன். அந்த எடத்துல அடாப்டர். பொண்ணோட சிடியில இருந்து அதே பாட்டை எடுத்து முதல் போல்டர்ல முதல் பாட்டா போட்டேன். அதே பட்டன், அதே நம்பர், அதே பச்சை வெளிச்சம். அமுக்கின உடனே பாட்டு. சரோஜாம்மா உள்ள உக்காந்து எல்லாத்தையும் அமுக்கிப் பாத்துட்டு, ஒரு கொறையும் சொல்லாம இறங்கினாங்க. கோவிந்தன் கும்பிடு போட்டுட்டுப் போனார்.

மறுநாள் காலையில போன். "அண்ணே, அமுக்கினா. பாட்டு வந்துச்சு. காதைப் பொத்திக்கினு கத்திட்டா. தலையைத் தலையை அடிச்சிக்கினு இறங்கி ஓடிட்டாண்ணே."

காரை எடுத்துக்கினு வரச் சொன்னேன். சவுண்டு ஜாஸ்தியா? இல்ல. பேஸ் மாறியிருக்குதா? இல்ல. பழைய சிடியை இன்னொரு பிளேயர்ல போட்டு ரெண்டையும் மாத்தி மாத்திக் கேட்டேன். ஒரு மயிரிழை வித்தியாசம் கெடையாது. அந்தப் பாட்டு இன்ன பாட்டுன்னு இங்க சொல்ல மாட்டேன். அத்தனை தடவை கேட்டதுல இப்பவும் எங்கயாவது பாடினா எழுந்து போயிடுவேன்.

"என் வேலையில குத்தம் இல்லம்மா"ன்னேன். எனக்கு ஆத்திரமா வந்துச்சு. அந்தப் புள்ள மேல இல்ல. எது மேலன்னு தெரியாத ஆத்திரம்.

சரோஜாம்மா கண்ணாடியைத் துடைச்சாங்க. "உன் வேலையில குத்தம் இல்ல. நானும் பாத்தேன். அப்படின்னா அந்தப் புள்ளைக்கு இன்னாவோ கம்மியாயிருக்குது. இன்னான்னு நமக்குத் தெரியல. அவளுக்குத்தான் தெரியும். நீ போய் பாத்துட்டு வா."

எங்க கடையில ஆளு கார் தேடிப் போற வழக்கமே கெடையாது. கார்தான் ஆளைத் தேடி வரும். அதை மாத்தினது அன்னிக்கு ஒரு நாள்தான். மறுநாள் விடிஞ்சதும் பையைத் தூக்கிக்கினு, ராத்திரி டவுன்லயே தங்கின கோவிந்தன் பக்கத்துல உக்காந்துட்டேன். வடக்கனந்தல் தாண்டி, அணை தாண்டி, மலை ஏறினோம். ஒவ்வொரு வளைவுலயும் அவர் ஹாரன் அடிச்சார்.

வாசல்ல காரை நிறுத்தினதும், பொண்ணோட அம்மா பவித்ராவைக் கூட்டிக்கினு வந்தாங்க. ஒல்லியான புள்ள. ரெட்டைச் சடை. என்னைப் பாக்கவே இல்ல. நான் எட்டமா பலா மரத்துக்குக் கீழ நின்னுக்கினேன். கோவிந்தன் முன் கதவைத் தெறந்துட்டு ஒதுங்கினார். அவ ரொம்ப நேரம் காரைச் சுத்திச் சுத்தி வந்தா. அப்பால ஏறி உக்காந்தா. விரலை நீட்டி பட்டனை அமுக்கினா. அமுக்கின கையோட தலையைப் பின்னால திருப்பினா.

அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. அவ பின்னால திரும்பறதுக்கும் முன்னால பாட்டு வர்றதுக்கும் சரியா இருந்துச்சு. அடிபட்ட மாதிரி ஒரு குலுக்கல். காதைப் பொத்திக்கினு ஒரு கத்து. கதவைத் தள்ளிக்கினு ஓடிட்டா. அம்மா பின்னாலயே ஓடினாங்க.

"கோவிந்தா"ன்னு கூப்பிட்டேன். அதுவரைக்கும் மரியாதையாத்தான் பேசிக்கினு இருந்தேன், அந்த அவசரத்துல அதெல்லாம் போயிடுச்சு. "பழைய சேஞ்சர் பாடறப்போ, பட்டனை அமுக்கினா உடனே பாட்டு வருமா?"

"இல்லண்ணே. டிக்கியில கிர்ர்ர்ருன்னு ஒரு சத்தம் வரும். டக்குனு ஒண்ணு. அப்பால கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அதுக்கு அப்பாலதான் பாட்டு."

"அப்ப இவ இன்னா பண்ணுவா?"

"பின்னால திரும்பி அந்தச் சத்தத்தைக் கேப்பா. டக்குனு கேட்டதும் முன்னால திரும்பி முட்டியில தட்டிக்கினே இருப்பா. தட்டி முடிக்கறப்போ பாட்டு வரும்."

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. ஊர்ல இருக்கற அத்தனை பேரும் அந்த கிர்ர்ர் சத்தத்தைத்தான் திட்டுவாங்க. அமுக்கினா உடனே பாடுதுன்னு சந்தோஷமா போவாங்க. இந்தப் புள்ளைக்கு அதுதான் படிக்கட்டு. பாட்டு வருது, பயப்படாதன்னு அந்தச் சத்தம் முன்னாடியே வந்து சொல்லும். அதை எடுத்துட்டு, தலைக்கு மேல பாட்டைக் கொட்டியிருக்குது என் அடாப்டர்.

செய்ய முடியுமான்னு எனக்கு ஒரு நிமிஷம் கூட சந்தேகம் வரல. சேஞ்சருக்கு லென்ஸ்தான் செத்துப் போச்சு, மோட்டார் சாகல. கரண்ட் கொடுத்தா முதல்ல ஒரு சுத்து சுத்தித் தன்னைத்தானே சரி பாத்துக்கும். அதுதான் அந்த கிர்ர்ர். பட்டனை அமுக்கினதும் ஸ்டீரியோ முதுகுல ஒரு கம்பியில கரண்ட் வரும், சேஞ்சரை எழுப்பறதுக்கு. அந்தக் கம்பியில ஒரு ரிலே, அதாவது கரண்ட் வந்தா தானா போட்டுக்கற சுவிட்சு, அதை வச்சு, ரிலே வழியா சேஞ்சருக்குக் கரண்ட். டிக்கி வரைக்கும் பழைய ஒயர் அப்படியே கெடக்குது. பாட்டு அடாப்டர்ல இருந்து வரட்டும், சத்தம் சேஞ்சர்ல இருந்து வரட்டும். அவங்க வாசல்லயே லுங்கியை விரிச்சு ஸ்டீரியோவைக் கழட்டினேன். ரிலே பையிலயே இருந்துச்சு. பேட்டரியில இருந்து சூடாகற ராடையும் கொண்டு போயிருந்தேன்.

முதல் தடவை போட்டுப் பாத்தா, கிர்ர்ர்ருன்னு சுத்திட்டு நிக்காம, திரும்பத் திரும்ப சுத்துது. உள்ள இருக்கற ஒவ்வொரு சிடியையும் எடுத்துப் படிக்கப் பாத்து, முடியாம அடுத்ததைத் தேடுது. தட்டை வெளிய இழுத்து எல்லா சிடியையும் எடுத்துட்டேன். இப்ப ஒரே ஒரு கிர்ர்ர், ஒரு டக்கு. அவ்ளோதான், அடங்கிடுச்சு. திரும்பிப் பாத்தா, வீட்டு வாசப்படியில பவித்ரா நிக்கறா. எப்ப வந்தான்னே தெரியல. என்னைப் பாக்கல. டிக்கியைப் பாத்துக்கினு இருந்தா.

அடுத்தது அந்த சும்மா இருக்கற நேரம். பாட்டுக்கு முன்னாடி சத்தமில்லாம கொஞ்சம் இடம் விடணும். போன்லயே பாட்டை வெட்டி ஒட்டற ஆப் இருந்துச்சு. எவ்வளவு நேரம்? சேஞ்சர் செத்துப் போச்சு, அதைக் கேக்க முடியாது. "உன் பொண்ணு எப்படித் தட்டுவா, நீ தட்டிக் காட்டு"ன்னேன். கோவிந்தன் தன் முட்டியில தட்டினார். பொண்ணோட அம்மா, "அவ்ளோ சுருக்கா இல்லீங்க, மெதுவா தட்டுவா"ன்னு தன் முட்டியில தட்டிக் காட்டினாங்க. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் இதுக்கே சண்டை போட்டுக்கினாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு அளவை வச்சு, பென்டிரைவுல ஏத்திச் சொருகினேன். திரும்ப மரத்துக்குக் கீழ போய் நின்னேன்.

கூப்பிடாமலே வந்தா. ஏறினா. அமுக்கினா. பின்னால திரும்பினா. டிக்கியில கிர்ர்ர்... டக். முன்னால திரும்பி முட்டியில தட்ட ஆரம்பிச்சா. அவ தட்டிக்கினே இருக்கறா, பாட்டு முந்திக்கிச்சு.

போச்சுடான்னு நினைச்சேன். ஆனா கத்தல. பாதி தட்டின கையை அப்படியே வச்சுக்கினு ஸ்டீரியோவை முறைச்சுப் பாத்தா. விரலை நீட்டி அவளே நிறுத்தினா. திரும்ப அமுக்கினா. திரும்பப் பாட்டு முந்திக்கிச்சு. திரும்ப நிறுத்தினா. இது தப்பு, சரி பண்ணுன்னு வாயால சொல்லணுமா? எனக்குக் கட்டளை வந்தாச்சு. அவ அம்மா சொன்னதுதான் சரி, மெதுவாத்தான் தட்டறா. போனைக் கையில எடுத்து, ஜன்னல் வழியா அவ தட்டறதைப் பாத்து அளந்து, இடத்தை நீட்டினேன். அவ பாட்டுக்கு உக்காந்தே இருந்தா. நான் குனிஞ்சு பென்டிரைவைச் சொருகறப்போ என் தலை அவ கைக்குப் பக்கத்துல இருந்துச்சு, நகரல.

அமுக்கினா. கிர்ர்ர். டக். முன்னால திரும்பித் தட்டினா. தட்டி முடிச்சுக் கையை மடியில வச்சா. பாட்டு வந்துச்சு.

பவித்ரா கையை நீட்டிக் கார் கதவை இழுத்துச் சாத்தினா. சாத்திட்டு நேரா ரோட்டைப் பாத்தா.

கோவிந்தன் அசையாம நிக்கறார். "அண்ணே..."

"இன்னா அண்ணே? புள்ள ஏறி உக்காந்துட்டா, நீ இங்க நின்னுக்கினு இன்னா பண்ற? கெளம்பு!"

"பாதி நாள் போயிடுச்சேண்ணே."

"மீதிப் பாதி இருக்குது இல்ல? ஓடு!"

அவர் ஓடிப் போய் ஸ்டீரிங்கைப் பிடிச்சார். அம்மா ஈரக் கையோட ஒரு பையைத் தூக்கிக்கினு பின் சீட்டுல விழுந்தாங்க. வீட்டுக் கதவு தெறந்தே கெடக்குது. என் சால்டரிங் ராடு, டெஸ்ட் லேம்ப்பு எல்லாம் பின் சீட்டுலயே போயிடுச்சு. லுங்கி ஒண்ணுதான் மிச்சம். கார் இறக்கத்துல திரும்பற வரைக்கும் பாட்டு கேட்டுச்சு. நான் அந்த வாசல்ல தனியா நின்னுக்கினு அழுதேன். சொல்றதுக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. அழுதேன்.

அப்பால அவங்க வீட்டுக் கதவைச் சாத்திட்டு, பஸ் வர்ற மேட்டுக்கு நடந்தேன். அங்கதான் போனுக்கு டவர் கெடைக்கும். ஏறினதும் சரோஜாம்மா போன்.

"இன்னா ஏழுமலை, ஆளையே காணோம்? கார் எங்க?"

"பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்குதும்மா."

"சரி"ன்னாங்க. "நீ பஸ்ஸுல வந்துடு."